கன்சோலையும் ஃபோன் மாதிரி மாதாமாதம் கட்டி வாங்கலாமா?

கயல்விழி (சார்லட், வட கரோலினா)
2025 நவம்பர்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் அமெரிக்கா வந்து ஒன்பது மாதம் ஆகிறது. பையனுக்குப் பதின்மூன்று வயது. வகுப்பில் அவனோடு படிக்கும் நான்கைந்து பேர் மாலையில் வீட்டுக்குப் போனதும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒன்றாக விளையாடுகிறார்கள். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேச்செல்லாம் அதைப் பற்றித்தானாம். "நான் சும்மா கேட்டுட்டு உக்காந்திருப்பேம்மா" என்று ஒரு நாள் சொன்னான். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

டிவியில் மாட்டி விளையாடும் அந்த கன்சோல் பெட்டிகளைக் கடையில் போய்ப் பார்த்தேன். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 649.99 டாலர், சின்னது சீரிஸ் எஸ் 399.99, பிளேஸ்டேஷன் 5 டிஸ்க் உள்ளது 549.99. இந்த வருடம்தான் எல்லாமே ஏறியது என்றார்கள். வந்த வருடமே வாடகை, கார் என்று கையிருப்பு கரைந்துகொண்டிருக்கிறது. மொத்தமாக எடுத்துக் கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது.

என் கணவர் ஃபோன் வாங்கியபோது கொஞ்சம் முன்பணம் கட்டிவிட்டு மீதியை மாத பில்லோடு கட்டி வருகிறார். கன்சோலுக்கும் எப்படியும் மாதச் சந்தா என்று ஒன்று இருக்கிறதாமே. அப்படியென்றால் பெட்டியைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு வருடம் சந்தா கட்டு என்று ஏன் யாரும் விற்கவில்லை? விற்றால் வாங்குவது புத்திசாலித்தனமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முருகு (பெல்வியூ, வாஷிங்டன்)

கயல் சகோதரி, நீங்கள் கேட்கும் ஏற்பாடு ஏற்கெனவே வந்து போயிருக்கிறது. அதில் வாங்கியவர்களில் நானும் ஒருவன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2012 மே மாதம். முதல் வேலை, இரண்டு பேர் சேர்ந்து எடுத்த சின்ன வீடு. பெல்வியூ ஸ்கொயர் மாலில் மைக்ரோசாஃப்ட் கடை இருந்தது. அங்கே எக்ஸ்பாக்ஸ் 360, கினெக்ட் என்று நம் உடல் அசைவைப் பார்த்து ஆட வைக்கும் கேமராவோடு சேர்த்து, 99 டாலர் என்று போட்டிருந்தார்கள். அதே பெட்டி வெளியே 299.99. நிபந்தனை ஒன்றுதான்: இரண்டு வருடத்துக்கு மாதம் 14.99 கட்டி எக்ஸ்பாக்ஸ் லைவ் கோல்டு என்ற, ஆன்லைனில் மற்றவர்களோடு ஆடுவதற்கான சந்தாவில் இருக்க வேண்டும், நடுவில் விட்டால் அபராதம். அன்றைக்கு அந்த 99 மட்டும்தான் என் கண்ணில் பட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

கினெக்டுக்கு முன்னால் நின்று விளையாட ஆறடி இடமாவது வேண்டும். எங்கள் ஹாலில் அது கிடையாது. சோபாவைத் தூக்கிச் சமையலறை வாசலில் செருகிவிட்டுத்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆடுவோம். கூடவே கொடுத்திருந்த விளையாட்டில் ஆற்றில் ரப்பர் படகு விடும் கட்டம் ஒன்று உண்டு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குதித்தால்தான் படகு எழும்பும். அந்த ஆறு மாதம் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தோம், அதை மறைக்க விரும்பவில்லை.

அப்பா மதுரைப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருந்தார். வாரத் தவணைக்கும் கொடுப்பார். ஆளுக்கொரு அட்டை, கட்டக் கட்ட அதில் கோடு. ஒரு நாள் ஃபோனில் இதைச் சொன்னபோது எவ்வளவு என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. "மாசாமாசம் கட்டுறது எதுக்கு? பெட்டிக்கா, இல்ல வேற எதுக்குமா?" என்றுதான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

14.99 வீதம் 24 மாதம் 359.76. முன்பணம் 99 சேர்த்தால் 458.76. இதையே ரொக்கத்துக்கு வாங்கியிருந்தால் பெட்டி 299.99, கோல்டு சந்தா வருடம் 59.99 வீதம் இரண்டு வருடத்துக்கு 119.98, ஆக 419.97. நான் கிட்டத்தட்ட 39 டாலர் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன். கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் மாதம் 14.99-இல் 5 டாலர்தான் சந்தா, மீதி 9.99 பெட்டிக்கான தவணை. 201 டாலர் கடனுக்கு மாதம் 9.99 வீதம் இரண்டு வருடம் என்றால் நம்ம ஊர்க் கணக்கில் ஏறக்குறைய ஒன்றரை வட்டி. வருடத்துக்கு 17 சதவீதத்துக்கு மேல். கிரெடிட் கார்டு வட்டிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. போதாக்குறைக்கு, அதே கோல்டு சந்தா அட்டை தள்ளுபடி நாட்களில் 40 டாலருக்குக் கிடைக்கும். கான்ட்ராக்டில் இருந்ததால் எனக்கு அந்தத் தள்ளுபடியும் பிரயோஜனப்படவில்லை.

அதைவிட மனதை உறுத்தியது 2013 நவம்பர். எக்ஸ்பாக்ஸ் ஒன் என்று அடுத்த கன்சோல் வந்துவிட்டது. நான் அப்போது 18 மாதம் கட்டி முடித்திருந்தேன், பழைய பெட்டிக்கு இன்னும் ஆறு மாதம் பாக்கி. என் பெட்டியில் இருந்த இடமோ 4 ஜிபி. பெரிய விளையாட்டு எதையும் அதில் இறக்க முடியாது, பென் டிரைவைச் செருகித்தான் ஓட்டினேன். கடைசி வருடம் நாங்கள் அதில் பெரும்பாலும் பார்த்தது நெட்ஃபிளிக்ஸ்தான். நெட்ஃபிளிக்ஸுக்குத் தனியாகக் காசு கட்டினாலும் அந்தப் பெட்டியில் அதைத் திறக்க கோல்டு சந்தா வேண்டும் என்பது அப்போதைய விதி. அந்த விதியை 2014 ஜூனில் எடுத்தார்கள். என் கான்ட்ராக்ட் முடிந்தது மே மாதம்.

ஃபோனுக்குச் சரியாக வந்த ஏற்பாடு இதற்கு ஏன் சரியாக வரவில்லை என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். அந்தக் காலத்தில் ஐஃபோன் 4எஸ் இரண்டு வருட கான்ட்ராக்டில் 199 டாலருக்குக் கிடைத்தது. ஃபோன் வைத்திருப்பவர் எப்படியும் மாத பில் கட்டத்தான் போகிறார். அந்த பில்லுக்குள் ஃபோன் விலையை மடித்து வைத்தால் பாரம் தெரியாது. கன்சோல் அப்படி இல்லை. சந்தா இல்லாமலும் அது ஓடும், தனியாக உட்கார்ந்து விளையாடலாம். ஆக மாத பில் என்பது புதிதாக வீட்டுக்குள் வருகிற செலவு. அது தேவையா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஃபோன் கம்பெனிகளே அந்த முறையைக் கைவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். 2013-இல் டி-மொபைல் ஆரம்பித்தது, மற்றவர்களும் பின்னால் போனார்கள். இப்போது உங்கள் கணவர் கட்டுவது ஃபோன் விலை தனி, லைன் கட்டணம் தனி என்று பில்லில் பிரித்தே போட்டிருக்கும், பாருங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பையனின் நண்பர்கள் விளையாடுவது என்ன விளையாட்டு? அதன் பெயர் தெரியாமல் எதை வாங்கு என்று சொல்ல முடியாது.

ராஜி (மினியாபொலிஸ்)

முருகு சொல்வது 2012 கதை. அதற்குப் பிறகு வந்ததையும் சொல்லாவிட்டால் நியாயமாக இருக்காது.

2020 நவம்பரில் சீரிஸ் எஸ், சீரிஸ் எக்ஸ் வந்தபோது எக்ஸ்பாக்ஸ் ஆல் ஆக்சஸ் என்று ஒரு திட்டம் இருந்தது. முன்பணமே கிடையாது. சீரிஸ் எஸ் மாதம் 24.99, சீரிஸ் எக்ஸ் 34.99, இரண்டுமே 24 மாதம். கேம் பாஸ் அல்டிமேட், அதாவது நிறைய விளையாட்டுகளை எடுத்து ஆட விடும் மாதச் சந்தா, உள்ளேயே அடக்கம். நாங்கள் எஸ் எடுத்தோம். மொத்தம் 599.76. தனித்தனியாக வாங்கியிருந்தால் பெட்டி 299.99, அல்டிமேட் அப்போது மாதம் 14.99 வீதம் 359.76, ஆக 659.75. எங்களுக்கு 60 டாலர் மிச்சம். வட்டி பூஜ்யம். எக்ஸ் எடுத்தவர்களுக்கு மிச்சம் 20 டாலர்தான்.

அது கொரோனா குளிர்காலம். மினசோட்டாவில் ஜனவரியில் வெளியே போக முடியாது, பள்ளியும் திரையில்தான். இரண்டு பிள்ளைகளும் கேம் பாஸில் இருந்ததை ஒன்று விடாமல் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்று பிடிக்கவில்லை என்றால் அடுத்தது. ஒவ்வொன்றையும் அறுபது டாலர் கொடுத்து வாங்குகிற நிலைமை எங்களுக்கு இல்லை. அந்த இரண்டு வருடத்தைப் பொறுத்தவரை எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன்.

25-ஆவது மாதம்தான் யோசிக்க வைத்தது. பெட்டி எங்களுடையதாகிவிட்டது, ஆனால் கேம் பாஸை நிறுத்தினால் பிள்ளைகள் பாதியில் விட்டிருக்கும் விளையாட்டுகள் அத்தனையும் பூட்டிக்கொள்ளும். அதில் எதுவும் எங்கள் சொத்து இல்லை. அதனால் 14.99 தொடர்ந்து கட்டினோம். 2023-இல் 16.99 ஆனது, 2024-இல் 19.99. 2025 அக்டோபரில் 29.99 என்று அறிவித்தார்கள். இந்த மாதம் புதுப்பிக்கும் முன்பு பிள்ளைகள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினேன். பெரியவள் இப்போது கல்லூரி விண்ணப்பங்களில் மூழ்கியிருக்கிறாள், சின்னவன் மட்டும்தான் ஆடுகிறான். 14.99-க்கு இருந்த பிரீமியம் என்ற கீழ்நிலைச் சந்தாவுக்கு இறங்கிவிட்டோம்.

கயல், கான்ட்ராக்டைப் பார்க்கும்போது 24 மாதக் கணக்கோடு நிறுத்தாதே. 25-ஆவது மாதம் வீட்டில் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்துப் பார்.

சேது (ஆஸ்டின்)

ராஜி அக்கா வாங்கிய அதே திட்டத்துக்கு அதே நவம்பரில் நானும் விண்ணப்பித்தேன். கடையில் பத்து நிமிடம் டேப்லெட்டில் விவரம் நிரப்பினார்கள், கடைசியில் முடியாது என்று வந்தது. இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடம் கூட ஆகாத நேரம், கிரெடிட் ஹிஸ்டரியே இல்லை, அதாவது கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டிய பதிவு எதுவும் கிடையாது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவருக்கு உடனே கிடைத்தது. கவுண்டரில் இருந்த பையன் என்னைவிடச் சங்கடப்பட்டான், பாவம்.

இதைச் சொல்லக் காரணம், குறைந்த முன்பணம் என்று எது வந்தாலும் அதற்குப் பின்னால் ஒரு கடன் கொடுப்பவர் இருப்பார். கன்சோல் கம்பெனி நேரடியாகக் கடன் கொடுப்பதில்லை, நடுவில் பேங்க் இருக்கிறது. கையில் காசு இல்லாதவர்களுக்காகத்தான் திட்டம் என்று தோன்றும், ஆனால் புதிதாக வந்த நம்மைப் போன்றவர்கள்தான் முதலில் கழிக்கப்படுவோம். ஒன்பது மாதம் என்கிறீர்கள் அக்கா. கிடைக்குமா என்று பார்க்கவே விண்ணப்பித்துப் பார்க்காதீர்கள். முழு கிரெடிட் செக் ஒவ்வொன்றும் உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டில் பதிவாகும். நாளைக்குக் காருக்கோ வீட்டுக்கோ கடன் கேட்கும்போது அது தெரியும்.

கயல்விழி

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

முருகு அண்ணா, பையனிடம் கேட்டேன். ஃபோர்ட்நைட்டாம், சில நாள் ரோப்ளாக்ஸாம். வேறு எதுவும் அவர்கள் ஆடுவதில்லையாம்.

சேது சொன்னதைப் படித்த பிறகு இன்னொன்றையும் கேட்க வேண்டும் போலிருக்கிறது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் சோபா, டிவி எல்லாம் வாரத் தவணைக்குக் கொடுக்கும் கடை ஒன்று இருக்கிறது. கிரெடிட் ஹிஸ்டரி எதுவும் பார்ப்பதில்லை என்று வாசலிலேயே எழுதியிருக்கிறார்கள். சீரிஸ் எஸ் வாரம் 12.99, 65 வாரம் என்றார்கள். முதல் வாரக் காசைக் கட்டினால் அன்றைக்கே எடுத்துக்கொண்டு போகலாம். நேற்று அந்த ஃபாரத்தை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது.

முருகு

அந்த ஃபாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், தயவுசெய்து. 12.99 வீதம் 65 வாரம் 844.35. 399.99 பெட்டிக்கு இரண்டு மடங்குக்கும் மேல். இதில் சந்தாவும் கிடையாது, விளையாட்டும் கிடையாது. கடைசித் தவணை கட்டும் வரைக்கும் பெட்டி கடைக்காரருடையது, நீங்கள் வாடகைக்கு வைத்திருக்கிறீர்கள் என்றுதான் சட்டப்படி அர்த்தம். ஐம்பதாவது வாரத்தில் கையில் காசு இல்லாமல் திருப்பிக் கொடுத்தால் கட்டியது கட்டியதுதான். நான் மாட்டியதாவது ஒன்றரை வட்டி. இது அதையெல்லாம் தாண்டியது.

இப்போது நல்ல செய்தி. ஃபோர்ட்நைட், ரோப்ளாக்ஸ் இரண்டும் இலவச விளையாட்டுகள். எக்ஸ்பாக்ஸில் இலவச விளையாட்டுகளை ஆன்லைனில் சேர்ந்து ஆடுவதற்கும் முன்பு கோல்டு கேட்டார்கள். 2021 ஏப்ரலில் அதை நீக்கிவிட்டார்கள். பிளேஸ்டேஷனிலும் ஃபோர்ட்நைட்டுக்குச் சந்தா தேவையில்லை. நண்பர்களோடு ஹெட்செட்டில் பேசலாம், ஒரே அணியில் ஆடலாம். மாதம் ஒரு பைசா வேண்டாம். காசு கொடுத்து வாங்கும் விளையாட்டை ஆன்லைனில் சேர்ந்து ஆடுவதற்குத்தான் சந்தா. (ஃபோர்ட்நைட்டில் உடை, நடனம் என்று விற்பார்கள். அதற்கு மட்டும் பையனோடு முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கார்டு விவரத்தை அவனுடைய கணக்கில் சேமித்து வைக்காதீர்கள்.)

ஏன் யாரும் விற்கவில்லை என்ற உங்கள் முதல் கேள்விக்கு நான் முழுதாகப் பதில் சொல்லவில்லை. உண்மையில் கன்சோலைக் குறைத்து விற்பது இன்றும் நடக்கிறது, நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. 2022-இல் எக்ஸ்பாக்ஸ் தலைவராக இருந்த ஃபில் ஸ்பென்சரே சொன்னார், ஒவ்வொரு பெட்டிக்கும் 100 முதல் 200 டாலர் வரை கம்பெனி கையிலிருந்து போடுகிறது என்று. அதற்கு முந்தைய வருடம் ஃபோர்ட்நைட் கம்பெனியான எபிக் ஆப்பிள் மீது போட்ட வழக்கில் மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவர் பெட்டி விற்றதில் லாபமே பார்த்ததில்லை என்று சாட்சி சொன்னார். விளையாட்டு விற்கும்போது வரும் 30 சதவீதப் பங்கிலும் சந்தாவிலும்தான் அவர்கள் அதை எடுக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை இறக்கிய விலையை இன்னும் இறக்கி 99-க்குக் கொடுத்தால், அந்த வீட்டில் நிச்சயம் காசு வரும் என்ற உத்தரவாதம் வேண்டும். அதுதான் இரண்டு வருடக் கையெழுத்து.

இந்த 2025 நவம்பர் விலையில் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். சீரிஸ் எக்ஸ் 649.99, அல்டிமேட் 29.99 வீதம் 24 மாதம் 719.76. மொத்தம் 1369.75. வட்டியே இல்லாமல் பிரித்தாலும் மாதம் 57 டாலர் வருகிறது. 2020-இல் இதே ஜோடி 34.99. கவனியுங்கள், இரண்டு வருடத்தில் சந்தா பெட்டியை விட அதிகம். அப்பா கேட்ட கேள்வி இப்போதுதான் முழுதாகப் பொருந்துகிறது. பெட்டிக்கா, வேற எதுக்குமா? 2012-இல் மூன்றில் இரண்டு பங்கு பெட்டிக்கு. இன்றைக்குப் பாதிக்கு மேல் வேற எதற்கோ. உங்கள் பையன் ஆடுவதற்கு அந்த வேற எதுவும் தேவையே இல்லை.

என் யோசனை: கைமாறிய சீரிஸ் எஸ் ஒன்றைப் பாருங்கள். புது எக்ஸ் வாங்கியவர்கள் பழையதைத் தள்ளிவிடுவார்கள். பிளாக் ஃப்ரைடே வாரத்தில் நிறைய வரும். கடன், கான்ட்ராக்ட் எதுவும் வேண்டாம். ரொக்கம் கொடுத்தோமா, கையில் வாங்கினோமா என்று முடியட்டும்.

சேது

நானும் கடைசியில் அப்படித்தான் வாங்கினேன். பார்த்து வாங்கும்போது சில விஷயம். விற்பவர் வீட்டிலேயே டிவியில் மாட்டி ஓடவிட்டுப் பாருங்கள், பார்க்கிங் லாட்டில் வாங்காதீர்கள். அவருடைய கணக்கை நீக்கி முழுதாக ரீசெட் செய்து, உங்கள் கணக்கில் உள்ளே போக முடிகிறதா என்று அங்கேயே பாருங்கள். பின்னால் எச்டிஎம்ஐ கேபிளை லேசாக அசைத்துப் பாருங்கள். படம் வெட்டினால் விட்டுவிடுங்கள். சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் போட இடம் கிடையாது, அது உங்களுக்குப் பிரச்சினை இல்லை. 512 ஜிபி என்று எழுதியிருந்தாலும் நமக்குக் கிடைப்பது 364-தான். இரண்டு விளையாட்டுக்கு அது தாராளம்.

கயல்விழி

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். மேத்யூஸ் பக்கம் ஒரு வீட்டில் 170 டாலருக்குக் கிடைத்தது. சேது சொன்ன மாதிரியே கேபிளை அசைத்துப் பார்த்தேன், படம் வெட்டவில்லை. அந்த அம்மா கூடுதலாக ஒரு கன்ட்ரோலரும் கொடுத்தார். அதில் இடது பக்கக் குமிழ் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, பையன் பரவாயில்லை என்கிறான்.

வாரத் தவணைக் கடை ஃபாரத்தைக் கிழித்துவிட்டேன். கடையிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள், வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.

நேற்றுப் பள்ளி விட்டு வந்ததும் பையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினான். நான் சமையலறையில் சாம்பாருக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அவன் இங்கிலீஷில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தான், இடது பக்கம் வா, இடது பக்கம் வா என்று. இந்த ஒன்பது மாதத்தில் அவன் இங்கிலீஷில் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.